உலகக் குடிமைக் கல்வி, இன அடையாளம், நிலையான வளர்ச்சி: சீனச் சமூகங்களும் தமிழர் அனுபவமும்

உலகக் குடிமைக் கல்வி என்பது, ஒரு மாணவர் தம் ஊருக்கும் நாட்டுக்கும் மட்டுமன்றி, தாம் நேரில் காணாத மனிதர்களுக்கும் இனிப் பிறக்கப்போகும் தலைமுறைக்கும் பொறுப்புடையவர் என்பதை உணர்ந்து நடக்கப் பயிற்றும் கல்வி ஆகும். 2015ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் அவை ஏற்றுக்கொண்ட நிலையான வளர்ச்சி இலக்குகளில் இதற்கு இடம் தரப்பட்ட பிறகு பல நாடுகளின் பாடத்திட்டங்களில் இது இடம்பெற்றுள்ளது.

இக்கல்வி எங்கு அறிமுகமானாலும் ஒரு கேள்வி எழுகிறது. உலகத்தைச் சேர்ந்தவராக ஆவதற்கு ஒருவர் தம் மொழியையும் இனத்தையும் பின்னுக்குத் தள்ள வேண்டுமா? சீனர்கள் பெரும்பான்மையாக வாழும் நான்கு சமூகங்கள், அதாவது சீன மக்கள் குடியரசு, ஹாங்காங், தைவான், சிங்கப்பூர் ஆகியவை, இதற்கு வெவ்வேறு விடைகளைத் தந்துள்ளன. இவற்றுள் சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்று என்பதால் அந்த விடை தமிழருக்கு நேரடித் தொடர்புடையது. இக்கட்டுரை அந்நான்கையும் விளக்கி, அவற்றிலிருந்து பெறும் பாடங்களைச் சென்னையின் மேற்குப் புறநகரான அம்பத்தூர், கள்ளிக்குப்பம் பகுதியின் பள்ளிகளோடும் ஏரிகளோடும் பொருத்திப் பார்க்கிறது.

சொற்பொருள்

தமிழில் குடியுரிமை, குடிமை என இரு சொற்கள் உள்ளன. குடியுரிமை என்பது சட்டம் தரும் நிலை. கடவுச்சீட்டு, வாக்குரிமை முதலியவை அதனோடு சேர்ந்தவை. குடிமை என்பது கூடி வாழ்பவர்களுக்கு உரிய கடமையையும் பண்பையும் குறிக்கும். உலகம் முழுவதற்குமான அரசு எதுவும் இல்லை. ஆகவே உலகக் குடியுரிமை என்று சட்டப்படி ஒன்றும் இல்லை. இக்கல்வி கற்பிப்பது குடிமையையே. இதனால் இக்கட்டுரையில் உலகக் குடிமைக் கல்வி என்ற தொடர் ஆளப்படுகிறது.

இன அடையாளம் என்பது மொழி, வழக்கம், வரலாற்று நினைவு, சமயம், பிறந்த மண் போன்றவற்றின் வழியாக ஒருவர் தம்மை ஒரு மக்கள் கூட்டத்தோடு சேர்த்துக் காணும் உணர்வு. சீன மொழியில் 'மின்சூ' என்ற ஒரே சொல் முழு நாட்டு மக்களையும் குறிக்கிறது. நாட்டுக்குள் உள்ள தனித்தனி இனங்களையும் குறிக்கிறது. தமிழில் 'இனம்' என்ற சொல்லும் ஏறக்குறைய இவ்வாறே பல பொருள்களில் வழங்குகிறது. இச்சொற்களின் பொருள் எல்லை எங்கே முடிகிறது என்பதே பல அரசியல் விவாதங்களின் மையம்.

நிலையான வளர்ச்சி என்பது வருங்காலத் தலைமுறையின் தேவைக்குக் குறை வராமல் இன்றைய தேவையை நிறைவேற்றிக்கொள்ளும் வளர்ச்சி. நார்வே நாட்டின் குரோ ஹார்லம் புருன்ட்லாண்ட் தலைமையிலான ஆணையம் 1987ஆம் ஆண்டு அளித்த அறிக்கை இப்பொருளை உலகறியச் செய்தது. வளங்குன்றா வளர்ச்சி, பேண்தகு வளர்ச்சி என்ற பெயர்களும் தமிழில் வழக்கில் உள்ளன.

உலகளாவிய பின்னணி

பன்னாட்டுப் புரிந்துணர்வுக்கான கல்வி பற்றி யுனெஸ்கோ 1974ஆம் ஆண்டிலேயே ஒரு பரிந்துரையை வெளியிட்டது. 2012ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் அவையின் பொதுச்செயலாளர் பான் கி மூன் தொடங்கிய கல்வி முன்முயற்சி மூன்று முன்னுரிமைகளைக் கொண்டிருந்தது. எல்லாக் குழந்தைகளையும் பள்ளியில் சேர்ப்பது, கற்றலின் தரத்தை உயர்த்துவது, உலகக் குடிமையை வளர்ப்பது ஆகியவையே அவை.

2015ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 17 நிலையான வளர்ச்சி இலக்குகளும் அவற்றின் கீழ் 169 குறியிலக்குகளும் ஏற்கப்பட்டன. நான்காம் இலக்கு கல்வி பற்றியது. அதன் 4.7ஆம் குறியிலக்கு நிலையான வளர்ச்சி, மனித உரிமை, பாலினச் சமத்துவம், அமைதி, உலகக் குடிமை, பண்பாட்டுப் பன்மையை மதித்தல் ஆகியவற்றை ஒரே தொடரில் சேர்த்துக் கூறுகிறது. சுற்றுச்சூழலும் பண்பாட்டுப் பன்மையும் தனித்தனிப் பாடங்கள் அல்ல என்பது இதன் கருத்து. 1974ஆம் ஆண்டுப் பரிந்துரை 2023ஆம் ஆண்டு திருத்தப்பட்டபோது உலகக் குடிமை, நிலையான வளர்ச்சி என்ற இரண்டும் அதன் தலைப்பிலேயே இடம்பெற்றன.

யுனெஸ்கோ இக்கல்வியை மூன்று கூறுகளாகப் பிரிக்கிறது. உலக நிகழ்வுகளை அறிந்து ஆராய்வது அறிவுக் கூறு. பிறரோடு ஒன்றுபட்டு உணர்வது உணர்வுக் கூறு. பொறுப்போடு செயல்படுவது செயல் கூறு. தேர்வால் முதற் கூறை எளிதில் அளந்துவிடலாம். மற்ற இரண்டையும் அளப்பது கடினம். பாடத்திட்டங்கள் பெரும்பாலும் முதற் கூறோடு நின்றுவிடுவதற்கு இது ஒரு காரணம்.

சீன மக்கள் குடியரசு

சீனா 56 இனங்களை அதிகாரபூர்வமாக ஏற்றுள்ளது. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஹான் இனத்தவர் ஏறக்குறைய 91 விழுக்காடு. மற்ற 55 இனத்தவரும் சேர்ந்து சுமார் 12.5 கோடிப் பேர். விழுக்காட்டில் சிறுபான்மையினராகத் தோன்றும் இவர்களின் எண்ணிக்கை தமிழ்நாட்டு மக்கள்தொகையை விடப் பெரிது. 1984ஆம் ஆண்டின் இனவாரித் தன்னாட்சிச் சட்டம் சிறுபான்மை இனங்களின் மொழியைப் பயன்படுத்தும் உரிமையைக் கூறுகிறது.

சீனாவின் சமூகவியலறிஞர் ஃபெய் சியாவ்தோங் 1988ஆம் ஆண்டு ஹாங்காங்கில் ஆற்றிய உரையில் சீன மக்களை 'பன்மைக்குள் ஒருமை' என்ற கருத்தால் விளக்கினார். பல இனங்கள் நெடுங்காலம் கலந்து பழகி ஒரே மக்களாக உருவாயின என்பது அதன் சுருக்கம். இக்கருத்தின் இரு பாதிகளுள் எதற்கு அழுத்தம் தருவது என்பதைப் பொறுத்தே கல்விக் கொள்கை மாறி வந்துள்ளது. அண்மைக் காலத்தில் அழுத்தம் ஒருமையின் பக்கம் சாய்ந்துள்ளது. 2020ஆம் ஆண்டு உள் மங்கோலியாவில் மொழி, அரசியல், வரலாறு ஆகிய பாடங்களை மங்கோலிய மொழிக்குப் பதிலாகப் பொதுச் சீன மொழியில் கற்பிக்கும் முடிவு எடுக்கப்பட்டபோது பெற்றோரும் மாணவரும் எதிர்ப்புத் தெரிவித்தனர். நாட்டுப்பற்றுக் கல்விச் சட்டம் 2024ஆம் ஆண்டு ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது.

சீனா உலகப் பொறுப்பை மறுக்கவில்லை. 'மனிதகுலத்தின் பகிர்ந்த எதிர்காலம்', 'சூழலியல் நாகரிகம்' என்ற இரு கருத்துகளும் 2018ஆம் ஆண்டு அந்நாட்டு அரசமைப்பில் சேர்க்கப்பட்டன. 2060ஆம் ஆண்டுக்குள் கரிமச் சமநிலை அடைவதாக 2020இல் சீனா அறிவித்தது. எனினும் இவ்விரு கருத்துகளும் நாட்டின் வழியாக உலகை அடைவதையே பேசுகின்றன. நாட்டைத் தாண்டிய தனிமனிதக் குடிமைக்கு அங்கு இடம் குறைவு.

இன அடையாளமும் நிலையான வளர்ச்சியும் மோதிய இடம் புல்வெளிகள். 2003ஆம் ஆண்டு முதல் மேய்ச்சலைக் குறைத்துப் புல்வெளியை மீட்கும் திட்டத்தின் கீழ் மங்கோலிய, திபெத்திய மேய்ப்பர் குடும்பங்கள் பல நிலையான குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டன. நிலம் பாலையாவதைத் தடுப்பதே நோக்கம். ஆனால் பருவத்திற்கேற்ப மந்தையை இடம்மாற்றிப் புல்லைத் தழைக்கவிடும் அறிவு அந்த மேய்ப்பர்களிடமும் அவர்கள் மொழியிலும் இருந்தது. மக்களை நிலத்திலிருந்து பிரித்தால் அந்த அறிவும் ஓரிரு தலைமுறையில் மறைந்துவிடும் என்று ஆய்வாளர்கள் பலர் சுட்டிக்காட்டியுள்ளனர்.

ஹாங்காங்

ஹாங்காங்கில் 2009ஆம் ஆண்டு மேல்நிலை வகுப்புகளுக்குப் பொதுவியல் பாடம் கட்டாயமானது. தற்காலச் சீனா, உலகமயமாதல், சுற்றுச்சூழல் போன்ற பொருள்களை மாணவர்கள் பல கோணங்களில் விவாதிப்பது அதன் முறை. 2012ஆம் ஆண்டு ஒழுக்கம், தேசியக் கல்வி என்ற புதிய பாடத்தைக் கட்டாயமாக்க முயன்றபோது பெரும் போராட்டம் எழுந்து, கட்டாயம் கைவிடப்பட்டது. 2019ஆம் ஆண்டுப் போராட்டங்களுக்குப் பின் பொதுவியல் பாடம் நீக்கப்பட்டு, 2021ஆம் ஆண்டு முதல் குடிமையும் சமூக வளர்ச்சியும் என்ற பாடம் அதனிடத்தில் வந்தது. ஒரு தலைமுறைக்குள் மாற்றத்துக்கும் சர்ச்சைக்கும் உள்ளான இப்பாடம், குடிமைக் கல்வி எவ்வளவு அரசியல் சார்ந்தது என்பதைக் காட்டுகிறது.

இவ்விவாதம் முழுவதும் ஹாங்காங் அடையாளம், சீன அடையாளம் என்ற இரண்டைச் சுற்றியே நடந்தது. அங்குப் பல தலைமுறைகளாக வாழும் இந்திய, பாகிஸ்தானிய, நேபாளக் குடும்பங்களின் குழந்தைகளுக்கு முதன்மைச் சிக்கல் வேறு. வீட்டில் சீன மொழி பேசாத அவர்கள், சீன மொழித் தேர்வில் தேறாமல் உயர்கல்விக்கோ அரசு வேலைக்கோ செல்வது கடினம். அவர்களுக்கெனச் சீனத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கும் திட்டம் 2014ஆம் ஆண்டுதான் வந்தது.

தைவான்

தைவானில் 16 தொல்குடிகள் அரசால் ஏற்கப்பட்டுள்ளன. 2019ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த தேசிய மொழிகள் சட்டம் அத்தொல்குடிகளின் மொழிகளையும் ஹக்கா, தைவானிய மொழிகளையும் தேசிய மொழிகளாகக் கருதுகிறது. அதே ஆண்டு தொடங்கிய பன்னிரண்டாண்டுப் பாடத்திட்டம், பண்பாட்டுப் பன்மையையும் பன்னாட்டுப் புரிந்துணர்வையும் ஒரே திறனாக இணைத்துக் கூறுகிறது. வியட்நாம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து திருமணமாகி வந்த தாய்மார்களின் மொழிகள் ஏழும் தொடக்கப்பள்ளியில் விருப்பப் பாடமாயின. தாயின் மொழி பள்ளியில் கேட்கத் தகுந்த மொழி என்பதைக் குழந்தைக்கு இது உணர்த்துகிறது.

சூழலியல் பொறுப்பில் தைவான் கற்ற பாடம் கசப்பானது. தாவோ எனும் தொல்குடியினர் வாழும் ஆர்க்கிட் தீவில் 1982ஆம் ஆண்டு முதல் அணுக்கழிவு சேமித்து வைக்கப்பட்டது. அங்குக் கட்டப்படுவது மீன் பதனிடும் ஆலை என்றே தீவு மக்கள் எண்ணியிருந்தனர். 1980களின் இறுதியில் போராட்டம் தொடங்கியது. 2016ஆம் ஆண்டு ஆகஸ்ட் 1 அன்று அதிபர் சாய் இங்வென் தொல்குடி மக்களிடம் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டபோது இந்த அணுக்கழிவையும் குறிப்பிட்டார். நாடு முழுவதும் மின்சாரம் பெற, கழிவை மட்டும் சிறுபான்மை மக்கள் சுமந்தனர். நிலையான வளர்ச்சியின் பயனும் சுமையும் யாருக்குச் சேர்கின்றன என்று கேட்காத கல்வி முழுமையற்றது என்பதற்கு இது சான்று.

சிங்கப்பூர்

சிங்கப்பூரின் 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, குடியிருப்பாளர்களில் சீனர் 74.3, மலாய்க்காரர் 13.5, இந்தியர் 9 விழுக்காடு. ஆங்கிலம், மலாய், மண்டரின், தமிழ் ஆகிய நான்கும் ஆட்சிமொழிகள். 1964ஆம் ஆண்டு ஜூலை 21 அன்று தொடங்கிய இனக்கலவரத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்நாள் 1997ஆம் ஆண்டு முதல் பள்ளிகளில் இன நல்லிணக்க நாளாக நினைவுகூரப்படுகிறது. அரசு அடுக்குமாடிக் குடியிருப்புகளில் எல்லா இனத்தவரும் கலந்து வாழும்படி ஒதுக்கீட்டு விதி 1989ஆம் ஆண்டு கொண்டுவரப்பட்டது.

பள்ளியில் ஆங்கிலம் பொது மொழி. தாய்மொழி இரண்டாம் மொழி. இக்கொள்கை 1966ஆம் ஆண்டு உயர்நிலைப் பள்ளிகளிலும் கட்டாயமானது. இதனால் ஒரு தமிழ் மாணவர் தமிழைப் பள்ளியிலேயே கற்று, தேர்வும் எழுத முடிகிறது. இந்த நிலை அரசு தானாகத் தந்தது மட்டுமன்று. 1935ஆம் ஆண்டு தமிழ் முரசு இதழைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி முதலியோர் பல பத்தாண்டுகள் தமிழுக்காக உழைத்தனர். மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை அமைந்தபோது அதில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று 1950களில் மக்களிடம் நிதி திரட்டப்பட்டது. தொழிலாளர்கள் தம் கூலியிலிருந்து அந்நிதிக்கு அளித்தனர். சிறுபான்மை மொழி நிலைபெறச் சட்டமும் வேண்டும், அம்மொழி பேசுவோரின் முயற்சியும் வேண்டும் என்பதை இது காட்டுகிறது.

இம்முறையின் விலையையும் கூறவேண்டும். சிங்கப்பூர்ச் சீனர்கள் ஹொக்கியன், தியோச்சூ, கேண்டனீஸ் எனப் பல மொழிகளைப் பேசி வந்தவர்கள். 1979ஆம் ஆண்டு தொடங்கிய மண்டரின் பேசுவோம் இயக்கம் அவர்களை ஒரே மொழிக்கு மாற்றியது. பாட்டியும் பேரனும் பேசிக்கொள்ள மொழி இல்லாத வீடுகள் உருவாயின. சீனர், மலாய்க்காரர், இந்தியர், பிறர் என்ற நான்கு பெட்டிகளுக்குள் அனைவரையும் அடக்கும் வகைப்பாடும் விமர்சிக்கப்படுகிறது. கலப்பு மணத்தில் பிறந்தவர்கள் இரு இனங்களையும் சேர்த்துப் பதியும் வசதி 2011ஆம் ஆண்டுதான் வந்தது. வீட்டில் மிகுதியாகப் பேசும் மொழி ஆங்கிலம் என்று கூறியவர்கள் 2010இல் 32.3 விழுக்காடாக இருந்து 2020இல் 48.3 விழுக்காடாக உயர்ந்தனர். பள்ளிப் பாடமாக நிலைத்த மொழி வீட்டில் நிலைக்கும் என்பதற்கு உறுதி இல்லை.

மறுபுறம், தமிழரல்லாத இந்தியக் குடும்பங்களின் குழந்தைகளுக்கும் வழி செய்யப்பட்டது. இந்தி, வங்காளம், குஜராத்தி, பஞ்சாபி, உருது ஆகியவற்றைத் தாய்மொழிப் பாடமாகத் தேர்வெழுத 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் அனுமதி கிடைத்தது. அதனால் தமிழின் நிலை தாழவில்லை.

நீரும் குடிமையும்

சிங்கப்பூர்ப் பள்ளிகளில் நிலையான வளர்ச்சி என்பது பெரும்பாலும் நீரிலிருந்து தொடங்குகிறது. அத்தீவு மலேசியாவின் ஜோகூரிலிருந்து நீர் பெறும் 1962ஆம் ஆண்டு ஒப்பந்தம் 2061ஆம் ஆண்டு முடிகிறது. கழிவுநீரைச் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் 'நியூவாட்டர்' 2003ஆம் ஆண்டு அறிமுகமானது. 1977ஆம் ஆண்டு பிரதமர் லீ குவான் யூ பத்தாண்டு இலக்கு வைத்துத் தொடங்கிய ஆற்றுத் தூய்மைப் பணி 1987இல் நிறைவேறியது. ஆற்றோரம் வாழ்ந்தவர்கள், தெருவோர உணவுக் கடைக்காரர்கள், சரக்குத் தோணிக்காரர்கள் இடம் மாற்றப்பட்டனர். நாறிய ஆறு சுத்தமானது. ஆற்றை நம்பிப் பிழைத்தவர்களின் பழைய வாழ்க்கை முடிந்தது. இவ்விரண்டையும் சேர்த்துக் கற்பிப்பதே நேர்மையான குடிமைக் கல்வி.

2018ஆம் ஆண்டு நடந்த பன்னாட்டு மாணவர் மதிப்பீட்டில் உலகத் திறன் என்ற பிரிவில் சிங்கப்பூர் முதலிடம் பெற்றது. ஆயினும் அறிவுக் கூறில் பெற்ற வெற்றி மற்றக் கூறுகளிலும் வெற்றி என்று பொருள்படாது. தமிழ்நாட்டிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வேலை அனுமதியில் சென்று கட்டுமானத்திலும் கப்பல் தளத்திலும் உழைக்கும் தொழிலாளர்கள் அங்குக் குடியுரிமை பெறுபவர்கள் அல்லர். 2020ஆம் ஆண்டு கொரோனா பரவலில் அந்நாட்டின் தொற்றாளர்களில் மிகப் பெரும்பாலோர் நெரிசலான தங்கும் விடுதிகளில் வாழ்ந்த இத்தொழிலாளர்களே. ஒரே தமிழ் பேசும் இருவரில் ஒருவர் பாடநூலில் இடம்பெற்ற குடிமகன். மற்றவர் அந்தப் பாடநூலுக்கு வெளியே இருப்பவர். இந்நிலை குறித்து அந்நாட்டுக்குள்ளேயே பரவலான விவாதம் எழுந்தது.

நான்கு விடைகளின் ஒப்பீடு

மேற்கண்ட சமூகங்களைச் சேர்த்துப் பார்க்கும்போது மூன்று செய்திகள் தெளிவாகின்றன.

முதலாவது, இன அடையாளத்தைக் குறைத்தால் உலகக் குடிமை வளரும் என்பதற்கு இவற்றில் சான்று இல்லை. தன் மொழி மதிக்கப்படுவதைக் கண்ட குழந்தைக்கே பிறர் மொழியை மதிப்பது என்றால் என்ன என்பது அனுபவமாகத் தெரியும்.

இரண்டாவது, சூழலைக் காக்கும் அறிவு உள்ளூர் மொழியிலும் வழக்கத்திலும் பொதிந்துள்ளது. புல்வெளியும் தீவும் இதைக் காட்டுகின்றன. அம்மக்களைக் கேளாமல் எடுக்கும் முடிவு, பசுமைத் திட்டமாக இருந்தாலும், அநீதியில் முடியக்கூடும்.

மூன்றாவது, குடிமைக் கல்வியின் உண்மையான சோதனை குடியுரிமை இல்லாதவர் அல்லது வெளியிலிருந்து வந்தவர் எவ்வாறு நடத்தப்படுகிறார் என்பதில் உள்ளது.

அம்பத்தூர், கள்ளிக்குப்பம் பகுதிக்குப் பொருத்தம்

இம்மூன்றும் சென்னையின் மேற்குப் புறநகருக்கும் பொருந்துகின்றன. அம்பத்தூரைச் சேர்ந்த கள்ளிக்குப்பம் இன்று சென்னை மாநகராட்சியின் அம்பத்தூர் மண்டலத்தில் உள்ளது. தனி நகராட்சியாக இருந்த அம்பத்தூர் 2011ஆம் ஆண்டு மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது. 1960களில் இங்கு அமைக்கப்பட்ட தொழிற்பேட்டை தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்தும், பின்னர் ஒடிசா, பீகார், மேற்கு வங்காளம், அசாம் முதலிய மாநிலங்களிலிருந்தும் தொழிலாளர்களை ஈர்த்தது.

இப்பகுதி ஏரிகளின் பகுதி. அம்பத்தூர் ஏரியின் உபரிநீர் கொரட்டூர் ஏரிக்கும் அங்கிருந்து இரட்டை ஏரிக்கும் செல்லும் தொடர் அமைப்பு உள்ளது. வடக்கே சென்னையின் குடிநீர்த் தேக்கங்களுள் ஒன்றான புழல் ஏரி இருக்கிறது. வயல்களுக்குப் பாய்ந்த ஏரிகள், வயல்கள் மனைகளான பின் தம்மைக் காக்கும் ஆயக்கட்டுக்காரர்களை இழந்தன. கழிவுநீர் கலப்பும் ஆக்கிரமிப்பும் தொடர்ந்தன. கொரட்டூர் ஏரி மாசடைவது குறித்துப் பகுதி மக்கள் தொடுத்த வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு வரை சென்றது. 2015ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. 2019ஆம் ஆண்டு கோடையில் ஏரிகள் வறண்டு, ஜூலை மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் ஏற்றி அருகிலுள்ள வில்லிவாக்கத்திற்குக் கொண்டுவர நேர்ந்தது. காலநிலை மாற்றம், நகர நீர் மேலாண்மை போன்ற உலகப் பாடங்களுக்கு இதைவிட அண்மையான எடுத்துக்காட்டு இப்பகுதி மாணவர்களுக்குத் தேவையில்லை.

இங்கு மொழியில் பொதிந்த சூழலறிவும் உண்டு. மதகு, கலங்கல், வரத்துக்கால்வாய், போக்குக்கால்வாய், ஆயக்கட்டு என்ற சொற்கள் ஒவ்வொன்றும் ஏரியின் ஓர் உறுப்பையோ உறவையோ குறிக்கின்றன. வரத்துக்கால்வாய் என்ற சொல்லை அறியாதவருக்கு அது வெறும் சாக்கடையாகவே தோன்றும். ஊரார் கூடி ஏரியைப் பராமரிக்கும் குடிமராமத்து என்ற சொல்லில் குடி என்பதே முதற்பகுதி. தமிழ்நாடு அரசு 2017ஆம் ஆண்டு இப்பெயரிலேயே ஏரிச் சீரமைப்புத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. ஆனால் பழைய குடிமராமத்தைப் பொற்காலமாகக் கற்பிப்பதும் தவறு. சென்னை மாகாணத்தில் 1858ஆம் ஆண்டு கட்டாய உழைப்புச் சட்டம் இயற்றப்பட்டது. கரையை அடைக்கும் கடின உழைப்பு பெரும்பாலும் நிலமற்ற, ஒடுக்கப்பட்ட மக்கள் மேல் விழுந்தது. தண்ணீரில் அவர்களுக்குக் கிடைத்த பங்கோ சிறிது. ஆர்க்கிட் தீவில் எழுந்த கேள்வியே இங்கும் எழுகிறது.

இந்தியச் சட்டத்தில் இக்கல்விக்கு அடிப்படை உண்டு. 1976ஆம் ஆண்டு 42ஆம் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட அரசமைப்பின் 51அ பிரிவு, இயற்கைச் சூழலைக் காப்பதைக் குடிமக்களின் அடிப்படைக் கடமைகளுள் ஒன்றாகக் கூறுகிறது. 1991ஆம் ஆண்டு எம். சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழலைக் கல்வியின் எல்லா நிலைகளிலும் கட்டாயப் பாடமாக்க ஆணையிட்டது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், இயன்றவரை குழந்தையின் தாய்மொழியில் கற்பிக்க வேண்டும் என்கிறது.

இந்தக் கடைசி விதியே புறநகர்ப் பள்ளிகளில் சிக்கலாகிறது. தமிழ்நாட்டில் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தமிழ் கட்டாயப் பாடம். ஊரில் வாழ்வதற்கும் வேலை பெறுவதற்கும் தமிழ் தேவை என்பதால் புலம்பெயர் தொழிலாளரின் குழந்தைக்கும் இது பயன் தரும். அதே வேளையில், நீண்டகாலமாக இங்கு வாழும் தெலுங்கு, உருது முதலிய மொழிச் சிறுபான்மையினர் தம் மொழிக்கான உரிமை குறித்து நீதிமன்றத்தை நாடியுள்ளனர். திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளைகளில் ஒடிசா தொழிலாளர்களின் குழந்தைகளுக்கு ஒடியா மொழியில் பணியிடப் பள்ளிகள் நடத்தப்பட்ட முன்னுதாரணமும் உண்டு. தன் மொழிக்காகப் போராடிய வரலாறு உடைய ஒரு சமூகத்திற்கு, தன்னிடம் வந்து சேர்ந்த பிற மொழிக் குழந்தையின் நிலையைப் புரிந்துகொள்வது கடினமாக இருக்கக்கூடாது. சிங்கப்பூரில் தமிழ்க் குழந்தைக்கு எது நியாயம் என்று நாம் கருதுகிறோமோ அதுவே அம்பத்தூரில் ஒடியாக் குழந்தைக்கும் நியாயம்.

வகுப்பறையில் செய்யக்கூடியவை

இக்கல்விக்குத் தனிப் பாடநூல் தேவையில்லை. இப்போதுள்ள சமூக அறிவியல், அறிவியல், தமிழ்ப் பாடங்களுக்குள்ளேயே சிலவற்றைச் செய்யலாம்.

முதலில், பள்ளிக்கு அருகிலுள்ள ஏரியின் நீர் எங்கிருந்து வந்து எங்குச் செல்கிறது என்பதை மாணவர்களே வரைபடமாக வரையலாம். வரத்துக்கால்வாய் எங்கே அடைபட்டுள்ளது என்பது அப்போது தெரியவரும்.

அடுத்து, ஏரியைப் பற்றி ஊரின் மூத்தோரிடம் கேட்டு எழுதும்போது, கரை வேலை செய்தவர்கள், மீன் பிடித்தவர்கள், துணி வெளுத்தவர்கள் ஆகியோரின் நினைவுகளையும் சேர்க்கலாம். நிலம் வைத்திருந்தவர்களின் நினைவு மட்டும் வரலாறு ஆகிவிடாது.

பின்னர், நீர் தொடர்பான சொற்களை வகுப்பில் உள்ள எல்லா மாணவர்களின் வீட்டு மொழியிலும் தொகுக்கலாம். குளத்துக்கும் ஏரிக்கும் ஒடியாவிலோ இந்தியிலோ தெலுங்கிலோ என்ன பெயர் என்று கேட்கும்போது, அமைதியாக இருந்த மாணவர் அன்று ஆசிரியராகிறார்.

இறுதியாக, கண்டறிந்தவற்றை மண்டல அலுவலகத்திற்கு மனுவாக எழுதிப் பதில் பெறும் பயிற்சி தரலாம். யுனெஸ்கோ கூறும் மூன்றாவது கூறான செயல் இதில்தான் நிறைவேறுகிறது.

விமர்சனங்கள்

உலகக் குடிமைக் கல்வி மேலை நாட்டு விழுமியங்களை உலகப் பொதுவெனத் திணிக்கிறது என்ற குற்றச்சாட்டு உண்டு. கட்டணம் மிகுந்த பன்னாட்டுப் பள்ளிகளின் விளம்பரச் சொல்லாக இது சுருங்கிவிட்டது என்றும் சிலர் கூறுவர். வெளிநாடு செல்லும் வாய்ப்புடையவர்களுக்கே இது பயன்படும் என்பது மற்றொரு விமர்சனம். இவற்றில் உண்மை உண்டு. நாடுகடந்து உழைக்கும் தொழிலாளிக்கு உலகம் பற்றிய நேரடி அறிவு மிகுதி. ஆனால் அவரைப் பாடநூல்கள் உலகக் குடிமகன் என்று அழைப்பதில்லை. இப்பாடம் அவரையும் உள்ளடக்கும்போதுதான் இவ்விமர்சனங்களுக்கு விடை கிடைக்கும்.

தொகுப்புரை

சீனச் சமூகங்கள் நான்கும் ஒரே பண்பாட்டுப் பின்னணியிலிருந்து தொடங்கினாலும் இன அடையாளத்தை வெவ்வேறாகக் கையாண்டுள்ளன. ஒருமைக்கு முதன்மை தந்தது ஒன்று. பாடத்தை மாற்றி மாற்றி அமைத்தது மற்றொன்று. தவறை ஒப்புக்கொண்டு மொழிகளைப் பெருக்கியது வேறொன்று. வகைப்படுத்திச் சமன் செய்தது இன்னொன்று. நிலையான வளர்ச்சிக்கான பொறுப்பு எல்லோருக்கும் பொதுவானது என்று கற்பிப்பதற்கு முன், முடிவெடுப்பதிலும் அனைவருக்கும் பங்கு உண்டா என்று இக்கல்வி கேட்க வேண்டும். அப்பங்கு ஒருவருக்குக் கிடைக்கிறதா இல்லையா என்பது பல நேரங்களில் அவர் பேசும் மொழியைப் பொறுத்தே அமைகிறது.